பேசாப் படங்களும் கேட்கும் சபையும்

நமது சபைகளில் ஆலய மணி ஒலிப்பதற்கு முன்னரே இந்நாட்களில் ஒரு வழிபாடு தொடங்கிவிடுகிறது. விடியற்காலையில் கைப்பேசி ஒலிக்கிறது. எடுத்துப் பார்த்தால் சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம்: எழுகின்ற கதிரவன், பனி படர்ந்த மலை, பறக்கும் வெண்புறா, அவற்றின்மேல் பொன்னிற எழுத்துகளில் ஒரு திருமறை வசனம், அடியில் அதனை வெளியிட்ட ஊழியத்தின் பெயரும் தொலைபேசி எண்ணும். சிறிது நேரத்திற்குள் 'ஆமென்' என்று பலர் எழுதுகின்றனர். பின்னர் அப்படம் உறவினர் குழுவிற்கும், பெண்கள் ஐக்கிய சங்கக் குழுவிற்கும், வளைகுடா நாடுகளில் பணிபுரியும் பிள்ளைகளுக்கும் பகிரப்படுகிறது. இதனை 'வசனப்படம்' என்று இக்கட்டுரையில் அழைப்போம். நம் சபையாரில் பலர் நாள்தோறும் தவறாமல் காணும் சமயப் படைப்பு இதுவே. நூல்களையும் அருளுரைகளையும் திறனாய்வு செய்து பழகிய நாம், இதனை மட்டும் திறனாய்வுக்குரிய ஒன்றாகக் கருதாது விட்டுவிட்டோம். அக்குறையை ஓரளவு நீக்குவதே நமது நோக்கம்.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை முதலில் கூறிவிடுதல் நேர்மையாகும். நாம் ஆயராகப் பணியாற்றிய சபையொன்றில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். நடுவயதில் பார்வையை இழந்தவர். பாடகர் குழுவில் பல்லாண்டுகள் பாடியவர். கைப்பேசியிலுள்ள திரைவாசிப்பானின் துணைகொண்டு குழுவில் வரும் செய்திகளைக் கேட்டறிவார். தவறின்றிப் பதிலும் எழுதுவார். ஒரு நாள், பாடகர் குழுவில் அவருக்கு அடுத்து நின்று பாடிவந்த நண்பர் காலமானார். அடக்க ஆராதனை அன்று மாலை நான்கு மணிக்கு என்னும் அறிவிப்பு, மறைந்தவருடைய நிழற்படத்தோடு அழகுற வடிவமைக்கப்பெற்று, ஒரே படமாகக் குழுவில் இடப்பட்டது. இட்டவர் வேறெவரும் அல்லர், நாமே.

மறுநாள் ஆசிரியரைச் சந்தித்தபோது அவர் அமைதியாகக் கூறினார்: "ஐயா, நேற்றுக் குழுவில் ஒரு படம் வந்தது என்று போன் சொன்னது. அதன் கீழே எல்லாரும் கூப்பிய கைகளைப் போட்டிருந்தார்கள். 'இது என்ன?' என்று எழுதிக் கேட்டேன். யாரும் சொல்லவில்லை. இன்று காலையில் பால்காரர் சொல்லித்தான் தெரிந்தது."

நண்பரின் அடக்கம் அதற்குள் முடிந்திருந்தது. அவர் எழுதிய அக்கேள்வியை நாமும் கண்டோம். அடக்கத்திற்கான ஏற்பாடுகளில் மூழ்கியிருந்தமையால் விடையளியாது கடந்து சென்றோம். ஆகவே இத்திறனாய்வு பிறர்மீது சாட்டும் குற்றச்சாட்டு அன்று. முதலில் நம்மீதே அமரும் தீர்ப்பு.

1. எழுத்து படமாகும்போது நேர்வது

திரைவாசிப்பான் என்பது திரையிலுள்ள எழுத்துகளைக் குரலாக மாற்றித் தரும் மென்பொருள். கணினிகளில் என்.வி.டி.ஏ., ஜாஸ் முதலியனவும், ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் டாக்பேக்கும், ஐபோன்களில் வாய்ஸ்ஓவரும் இப்பணியைச் செய்கின்றன. 2006ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் உருவாகத் தொடங்கிய என்.வி.டி.ஏ., பார்வையற்ற இளைஞர்கள் இருவரின் முயற்சி. இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது. இத்தகைய கருவிகள் இன்று தமிழையும் வாசிக்கின்றன.

இவை செயற்படும் முறையை அறிந்துகொள்வது ஆயருக்கும் அவசியமே. நாம் தட்டச்சு செய்யும் ஒவ்வோர் எழுத்தையும் கணினி ஓர் எண்ணாகச் சேமிக்கிறது. உலக மொழிகள் அனைத்திற்கும் பொதுவான யூனிகோடு முறையில் 'அ'வுக்கு ஓர் எண், 'க'வுக்கு ஓர் எண் என வகுக்கப்பட்டுள்ளது. அவ்வெண்ணைக் கண்டு கருவி ஒலியை எழுப்புகிறது. ஆனால் அதே வசனத்தைப் படத்தின்மேல் எழுதி, முழுவதையும் ஒரு படமாகச் சேமித்துவிட்டால், எழுத்து எழுத்தாயிராமல் வண்ணப் புள்ளிகளின் கூட்டமாகிவிடுகிறது. கண்ணுடையார் அப்புள்ளிகளில் வசனத்தைக் காண்கின்றனர். திரைவாசிப்பானோ பெரும்பாலும் 'படம்' என்ற ஒரு சொல்லைக் கூறிவிட்டு அடுத்த செய்திக்குச் சென்றுவிடுகிறது.

இந்நிலைக்குப் பரிகாரம் புதிதன்று. இணையப் பக்கங்களை எழுதும் மொழியில், படத்தைக் காண இயலாதோருக்காக அதன் பொருளை எழுத்தில் தரும் 'மாற்று உரை' என்னும் இடம் 1995ஆம் ஆண்டின் வரையறையிலேயே இருந்தது. 'ஆல்ட் டெக்ஸ்ட்' என்று வழங்கப்பெறுவது இதுவே. 1999இல் வெளிவந்த உலகளாவிய இணைய அணுகல் நெறிமுறைகள், படங்களுக்கு இணையான எழுத்துரை தருவதையே முதல் நெறியாக வைத்தன. அந்நாளில் ட்விட்டர் எனப்பட்ட எக்ஸ் தளத்தில் 2016 முதலும், இன்ஸ்டாகிராமில் 2018 முதலும், படம் இடுவோர் தாமே விவரிப்பை எழுதிச் சேர்க்க வசதி உண்டு, முகநூலிலும் உண்டு. இல்லாதது வசதியன்று, நம்முடைய நினைவே.

2. வசனப்படம்: நிறையும் குறையும்

இப்படைப்பு வகையின் நன்மையை மறுத்தல் ஆகாது. மருத்துவமனைப் படுக்கையில் கிடப்போருக்கும், அந்நிய நாட்டில் தனித்து உழைப்போருக்கும் விடியலில் வரும் ஒரு வசனம் ஆறுதலாகின்றது. திருமறையைத் திறக்க நேரமற்றவரின் கையில் திருமறையின் ஒரு துண்டேனும் வைக்கப்படுகிறது. வடிவமைக்கும் இளைஞர்களின் ஆர்வமும் போற்றுதற்குரியது.

எனினும் மூன்று குறைகள் வெளிப்படையானவை. முதலாவது, வசனம் தன் சூழலினின்று பிரிக்கப்படுகிறது. எரேமியா 29:11 மிகுதியாகப் பகிரப்படும் வசனங்களுள் ஒன்று. அதற்கு முந்திய வசனம் எழுபது ஆண்டுச் சிறையிருப்பைப் பேசுகிறது என்பதை எந்த வசனப்படமும் நமக்கு நினைவூட்டுவதில்லை. இரண்டாவது, அலங்காரம் வசனத்தை விழுங்குகிறது. வெண்மேகத்தின்மீது மஞ்சள் எழுத்து; அதன்மீது ஒளிக்கதிர். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே நான்கரைக்கு ஒன்று என்ற அளவிலாவது ஒளி வேறுபாடு இருத்தல் வேண்டும் என்று அணுகல் நெறிமுறைகள் கூறுகின்றன. கண்புரை கொண்ட முதியோருக்கு இது எத்துணை இன்றியமையாதது! சில படங்களில் ஊழியரின் உருவம் வசனத்தைவிடப் பெரிதாயிருத்தலும் உண்டு. அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை.

மூன்றாவது குறையே நமது கட்டுரைப் பொருள். கேட்கப்பட வேண்டிய வார்த்தை, காண்போருக்கு மட்டுமே உரியதாகிவிடுகிறது. விசுவாசம் கேள்வியினால் வருகிறது என்பதை ரோமர் பத்தாம் அதிகாரத்திலிருந்து பல்லாண்டுகளாகப் பிரசங்கித்து வந்த நாம், அதே அதிகாரத்தின் வசனத்தைக் கேட்கவொண்ணாத படமாக்கி அனுப்புகிறோம்! இம்முரண்பாடு நம் உள்ளத்தைத் தைக்க வேண்டாமா?

3. வரலாறு கற்பிக்கும் ஒரு பாடம்

படத்திற்கும் வார்த்தைக்கும் உள்ள உறவு திருச்சபையில் பழமையான விவாதம். ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் மார்செய் நகரப் பேராயர் செரீனுஸ், மக்கள் படங்களை வணங்குவதைக் கண்டு அவற்றை உடைத்தெறிந்தார். உரோமைப் பேராயரான மகா கிரகோரி 599, 600 ஆகிய ஆண்டுகளில் அவருக்குக் கடிதங்கள் எழுதினார். படங்களை வணங்கலாகாது என்ற வைராக்கியத்தைப் பாராட்டிய கிரகோரி, அவற்றை உடைத்ததைக் கண்டித்தார். எழுத்தறிந்தோருக்கு நூல் எதுவோ, அதுவே எழுத்தறியாதோருக்குப் படம் என்பது அவருடைய வாதம். அவர் படத்திற்குப் பரிந்து பேசியது, வாசிக்க இயலாதோரை முன்னிட்டே என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

சீர்திருத்த மரபினர் இவ்வாதத்தை ஏற்கவில்லை. 1563ஆம் ஆண்டின் ஹைடல்பர்க் ஞானோபதேசம் தனது 98ஆம் வினாவில், பொதுமக்களுக்கான நூல்களாகப் படங்களை ஆலயங்களில் வைத்தல் தகுமா என்று கேட்டு, தகாது என்று விடையளிக்கிறது. தேவன் தம் மக்களை வாய்பேசாத உருவங்களால் அன்று, உயிருள்ள பிரசங்கத்தினாலேயே போதிக்கச் சித்தங்கொண்டார் என்பது அவ்விடையின் சாரம்.

இவ்விரு மரபுகளும் எதிரெதிர் முடிவுகளுக்கு வந்தபோதிலும், இரண்டும் ஒரே கேள்வியைக் கேட்டன: கடைசியில் நிற்கும் விசுவாசிக்கு வார்த்தை சென்று சேருமா? கிரகோரி அவருக்காகப் படத்தைக் காத்தார். ஹைடல்பர்க் ஆசிரியர்கள் அவருக்காகவே படத்தை விலக்கினர். நாமோ அக்கேள்வியைக் கேளாமலேயே வசனப்படத்தைப் பகிர்கிறோம். வாசிக்க இயலாதோருக்குத் துணையென்று ஒருகாலத்தில் வாதிடப்பட்ட படம், இன்று நம் கையில் வாசிக்க இயலாதோரை வெளியே நிறுத்தும் கதவாகிவிட்டது.

தமிழ்த் திருச்சபையின் வரலாறும் இதற்கு மாறானதே. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1715இல் அச்சிட்டு முடித்த புதிய ஏற்பாடு, வார்த்தையை மக்கள் தம் மொழியிலேயே பெறவேண்டும் என்ற தவிப்பின் கனி. இந்தியாவில் பார்வையற்றோர் கல்விக்கு வித்திட்டோரும் மிஷனெரிப் பெண்மணிகளே. ஆனி ஷார்ப் அம்மையார் 1887இல் அமிர்தசரசிலும், ஆஸ்க்வித் அம்மையார் 1890இல் பாளையங்கோட்டையிலும் பள்ளிகளைத் தொடங்கினர். விரல் நுனியால் திருமறையை வாசிக்கச் செய்தது அத்தலைமுறை. அவர்களுடைய வழித்தோன்றல்களான நாம், பொத்தானை அழுத்தும் எளிய வேலையில் தவறலாமா?

4. எரிகோ வழியில் விடை சொன்னோர்

பார்வையற்றவர் ஒருவர் குணமடைந்த எரிகோ நிகழ்ச்சியைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். லூக்கா தரும் விவரத்தில் (18:35-43) நாம் கவனியாது விட்ட ஒரு நுட்பம் உண்டு. அம்மனிதர் வழியருகே அமர்ந்திருக்கிறார். மக்கள் கூட்டமாய்ச் செல்லும் ஓசை அவருக்குக் கேட்கிறது. நடப்பது என்னவென்று தெரியவில்லை. ஆகவே இது என்ன என்று விசாரிக்கிறார். நாசரேத்தூர் இயேசு அவ்வழியே செல்கிறார் என்று கூட்டத்தினர் அவருக்கு அறிவிக்கின்றனர். அதன் பின்னரே அவர் கூப்பிடுகிறார்; ஆண்டவர் நிற்கிறார்; அற்புதம் நிகழ்கிறது.

அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னோர் யாவர்? அவர்களுக்குப் பெயரில்லை, பிரசங்கங்களில் இடமுமில்லை. ஆயினும் அவர்கள் விடை சொல்லாதிருந்தால் தாவீதின் குமாரனே என்ற கூக்குரலும் எழுந்திராது. தாம் கண்டதை, காண இயலாத ஒருவருக்குச் சொல்லில் தந்தனர். கூட்டத்தில் எத்தனை பேர், ஆண்டவருடைய அங்கியின் நிறம் என்ன என்றெல்லாம் விரிக்கவில்லை. யார், என்ன செய்கிறார் என்ற இரண்டையும் கூறினர், அதுவே போதுமானதாயிருந்தது. நல்ல பட விவரிப்புக்கு இதனினும் சிறந்த மாதிரி வேண்டுமோ?

அந்நிகழ்ச்சியின் அடுத்த பகுதியும் நமக்கு எச்சரிக்கையாகும். முன்நடந்தோர் அவரைப் பேசாதிரு என்று அதட்டினர். தகவல் தருவது மட்டும் போதாது. கேட்டவர் பேசவும் இடமளிக்க வேண்டும். ஆண்டவரோ அவரை அருகே அழைத்து, நான் உமக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார். தேவை வெளிப்படையாகத் தெரிந்தபோதும் அவர் வாயினின்றே அதனைக் கேட்க விரும்பினார். பார்வையற்றோருக்கு எது உதவும் என்பதை அவர்களைக் கேளாமலே தீர்மானிக்கும் நம் பழக்கத்திற்கு இது கண்டனமாகும்.

நமது சபைக் குழுவில் ஆசிரியர் எழுதியதும் அதே கேள்விதான். எரிகோ வழியில் அக்கேள்விக்கு விடை கிடைத்தது. நம் குழுவில் கிடைக்கவில்லை.

5. விவரிப்பும் வியாக்கியானமே

பட விவரிப்பைத் தொழில்நுட்பம் அறிந்த இளைஞர்களின் சில்லறை வேலையென்று கருதுவோர் உளர். அஃது அவ்வாறன்று. எது முக்கியம், எது அலங்காரம், இதனை ஏன் பகிர்கிறோம் என்று தெளிந்தாலன்றி ஒரு படத்தை விவரிக்க இயலாது. நெகேமியா எட்டாம் அதிகாரத்தில் லேவியர் நியாயப்பிரமாணத்தை வாசித்து, கேட்போர் விளங்கிக்கொள்ளும்படி பொருளையும் எடுத்துரைத்தனர். விவரிப்பவர் செய்வதும் அவ்வூழியத்தின் ஒரு சிறு கிளையே. சில எடுத்துக்காட்டுகளைக் காண்போம்.

வசனப்படத்திற்கு விவரிப்பு எளிது: வசனத்தையும் இடக்குறிப்பையும் முழுமையாகத் தட்டச்சு செய்தல் வேண்டும். நாம் இதனைச் செய்யத் தொடங்கியபோது, மலை, ஏரி, புறா ஆகியவற்றை விரிவாக எழுதி இறுதியில் வசனத்தை வைத்தோம். ஆசிரியர் நகைத்து, "ஐயா, புறா பறந்து முடியும்வரை வசனத்துக்குக் காத்திருக்கிறேன். வசனத்தை முதலில் போடுங்கள்" என்றார். பின்னணி வெறும் அலங்காரமாயின் அதைக் கூறாமலே விடலாம். இவ்வாறு தட்டச்சு செய்வதில் மற்றொரு நன்மையும் உண்டு. வசனத்தை ஒப்புநோக்கத் திருமறையைத் திறக்க வேண்டியிருக்கும். திறந்தவர் முந்திய வசனத்தையும் பிந்திய வசனத்தையும் காண்பார். முன்னர்ச் சொன்ன முதற்குறையும் ஓரளவு நீங்கும்.

கலைப்படைப்பாயின் கூடுதல் கவனம் வேண்டும். ஹோல்மன் ஹன்ட் வரைந்த 'உலகின் ஒளி' என்னும் ஓவியம் நம் இல்லங்கள் பலவற்றில் தொங்குவது. 'இயேசு கதவைத் தட்டுகிறார்' என்று மட்டும் அதனை விவரித்தால் ஓவியம் பாதியே சொல்லப்பட்டதாகும். இரவு வேளை, முள்முடி தரித்த கிறிஸ்து இடக்கையில் விளக்கேந்தி வலக்கையால் தட்டுகிறார், நெடுநாள் திறவாத கதவில் கொடிகள் படர்ந்துள்ளன, கதவின் வெளிப்புறத்தில் கைப்பிடி இல்லை. அக்கதவை உள்ளிருப்பவரே திறக்க முடியும் என்பது ஓவியரின் கருத்து. கைப்பிடி இல்லை என்ற ஒரு சொற்றொடரை விட்டுவிட்டால், ஓவியத்தின் செய்தியையே விட்டுவிடுகிறோம்.

விவரிப்பு சிலவேளை நம்மை நாமே காணச் செய்கிறது. 1940இல் அமெரிக்க ஓவியர் வார்னர் சால்மன் வரைந்த கிறிஸ்துவின் முகம் உலகெங்கும் கோடிக்கணக்கான படிகளாகப் பரவியது. அதனை உள்ளபடி விவரித்துப் பாருங்கள்: வெளிர்மேனியும் தோளில் புரளும் பழுப்புநிறக் கூந்தலும் கொண்ட ஒருவர். எழுதிய கை தயங்குமல்லவா? கலிலேயத் தச்சரை இவ்வாறு நினைக்க நம்மைப் பழக்கியது யார் என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது. ஃபிராங்க் வெஸ்லி, ஜோதி சாகி போன்ற இந்திய ஓவியர்கள் கிறிஸ்துவை நம் மண்ணின் சாயலில் வரைந்துள்ளனர். அவற்றை ஏன் நாம் பகிர்வதில்லை? பார்வையற்றவர் பொருட்டு எழுதப்புகும் ஒரு வரி, பார்வையுள்ளோரின் குருட்டுப் பழக்கத்தை வெளிப்படுத்துகிறது.

உதவி வழங்கும் படங்களைப் பற்றியும் கூறவேண்டும். நம் குழுக்களில் அடிக்கடி வரும் காட்சியொன்றை விவரிப்போம்: 'ஏழு பேர் புகைப்படக் கருவியை நோக்கி நிற்கின்றனர். நடுவே ஒரு மூதாட்டி தலைகுனிந்து அரிசிப்பை ஒன்றைப் பெறுகிறார். அப்பையை ஐந்து பேர் பற்றிக்கொண்டிருக்கின்றனர்.' இவ்விவரிப்பை எழுதி முடித்தபின் அப்படத்தை வெளியிட நமக்கு மனம் வருமா? மலைப்பிரசங்கத்தில் தருமத்தைக் குறித்து ஆண்டவர் கூறியது நினைவுக்கு வராமற் போகுமா? வெட்கமின்றி விவரிக்க இயலாத படம் பகிரத் தகாத படம் என்று ஒரு விதியே வகுக்கலாம்.

மகிழ்ச்சியான காட்சிகளை விவரிக்க மறத்தலும் ஆகாது. 'ஞானஸ்நானப் படம்' என்று எழுதுவது பெயர்ப்பலகை. 'ஆயர் குழந்தையை ஏந்தி நிற்கிறார். பெற்றோர் இருபுறமும் நிற்கின்றனர். பின்னால் பாட்டியார் கண்களைத் துடைத்துக்கொள்கிறார்' என்பதே விவரிப்பு. செய்தி மட்டுமன்றிச் சபையின் சந்தோஷத்திலும் பார்வையற்றவருக்குப் பங்குண்டு.

6. பகிர்வோரின் பொறுப்பு

படத்தை ஆக்கியவர் ஒருவர், பகிர்பவர் வேறொருவர். வடிவமைத்தவர் விவரிப்பை எழுதவில்லையாயின் நாம் என்செய்வது என்று பகிர்வோர் கேட்கக்கூடும். மாற்று உரையின் இயல்பை அறிந்தால் பொறுப்பு விளங்கும். அது பொதுவாகப் படத்தோடு ஒட்டியிருப்பதன்று. படம் இடப்பட்ட தளத்திலேயே தங்குவது. முகநூலில் ஒருவர் அக்கறையோடு எழுதிய விவரிப்பு, அப்படத்தைத் தரவிறக்கியோ திரைப்பிடிப்பு எடுத்தோ வேறு குழுவில் இடும்போது உடன் வருவதில்லை. ஆகவே பகிரும் ஒவ்வொருவரும் மீண்டும் அதனை எழுதக் கடமைப்பட்டவர். வாட்ஸ்அப்பில் படத்தின் அடியில் எழுதும் குறிப்பிலேயே விவரிப்பை இடுவது எளிய வழி. அது பார்வையுள்ளோருக்கும் பயன்படும்.

வேறு சில இடையூறுகளும் களையத்தக்கவை. சபை அறிக்கைகளையும் ஆராதனை முறைமைகளையும் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்வோர் உளர். அவற்றில் திரையில் தோன்றுவது தமிழ். கணினியின் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் குவியல். திரைவாசிப்பான் அக்குவியலையே வாசிக்கும். தமிழக அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது, திருச்சபை பின்தங்குவானேன்? அச்சிட்ட தாளை நிழற்படமெடுத்து பி.டி.எஃப். கோப்பாக்கி அனுப்புவதும் படம் அனுப்புவதே. கூப்பிய கைகளையும் மலர்களையும் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு இட்டால், கருவி ஒவ்வொன்றின் பெயரையும் உரைத்துக்கொண்டே செல்லக்கூடும். கேட்பவரின் பொறுமையையும் எண்ணிப் பார்த்தல் நலம். அடக்க அறிவிப்பு, கூட்ட மாற்றம், மருத்துவ உதவி வேண்டுகோள் ஆகியவற்றை எக்காரணங்கொண்டும் படமாக மட்டும் அனுப்பலாகாது. பெயர், நாள், நேரம், இடம் நான்கும் எழுத்தில் இருத்தல் வேண்டும்.

7. எழும் மறுப்புகள்

இவற்றை இயந்திரமே செய்துவிடுமே என்பர் சிலர். உண்மைதான், முகநூல் 2016 முதல் படங்களைத் தானாக விவரிக்கும் முறையைக் கொண்டுள்ளது. அன்று அது, படத்தில் மூவர் இருக்கலாம், புன்னகை இருக்கலாம் என்ற அளவில் உரைத்தது. இன்றைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் அதனினும் பன்மடங்கு விரிவாக உரைக்கின்றன. படத்திலுள்ள எழுத்தையும் பெரும்பாலும் வாசிக்கின்றன. பார்வையற்ற நண்பர்கள் அவற்றால் பெறும் விடுதலையை நாம் நன்றியோடு ஏற்கிறோம். ஆயினும், அழுகின்ற பாட்டியார் ஏன் அழுகிறார் என்பதை இயந்திரம் அறியாது. அவருக்குப் பத்து ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த பேரக்குழந்தை அது என்பதைச் சபை அறியும். மேலும், அயலானுக்கு விடை சொல்லும் கடமையை இயந்திரத்திடம் ஒப்புவித்துவிட்டு நாம் கடந்து செல்லலாமா? கருவி ஊன்றுகோலாகலாம், அது உடன்வழிநடப்பவர் ஆகாது.

எங்கள் சபையில் பார்வையற்றோர் எவருமில்லை என்பர் வேறு சிலர். இல்லாமைக்குக் காரணம் என்ன என்று முதலில் வினவ வேண்டும். வாசலில் தடைக்கல்லை வைத்துவிட்டு, வருவார் இல்லை என்பது நியாயமாகாது. லேவியராகமம் 19:14 அத்தகைய கல்லைத் தேவபயத்தோடு தொடர்புபடுத்திப் பேசுகிறது. வைத்தவரின் நோக்கம் நல்லதா தீயதா என்று கல் பார்ப்பதில்லை. அன்றியும், நீரிழிவாலும் முதுமையாலும் பார்வை மங்குவோர் எச்சபையிலும் உண்டு. அவர்கள் தம் குறையை வெளியிற் சொல்வதில்லை. இணைய வேகம் குறைந்த சிற்றூர்களில் படம் திறவாதபோதும் எழுத்து வந்து சேரும்.

நேரமில்லை என்பது மூன்றாவது மறுப்பு. அடக்க அறிவிப்பை வடிவமைக்க நாம் அன்று செலவிட்ட நேரம் ஏறத்தாழ முப்பது நிமிடம். எழுத்தில் நான்கு வரி சேர்க்க ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. அந்த ஒரு நிமிடத்தின் விலை, ஒரு நண்பரின் இறுதி விடை.

நாட்டின் சட்டமும் இத்திசையிலேயே செல்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், மின்னணு ஊடகச் செய்திகள் அணுகத்தக்க வடிவில் இருப்பதற்கு அரசு ஆவன செய்ய வேண்டும் என்று தன் 42ஆம் பிரிவில் கூறுகிறது. சட்டம் வற்புறுத்தும்வரை அன்பு காத்திருக்க வேண்டுவதில்லை.

இறுதியாக, குருத்துவப் பயிற்சி பெறும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளை உங்களை நம்பிச் சபைகள் ஒப்புவிக்கப்படும்போது, அவற்றோடு வாட்ஸ்அப் குழுக்களும் ஒப்புவிக்கப்படும். பிரசங்க பீடத்தில் காட்டும் பொறுப்பை அங்கும் காட்டுங்கள். குழுவிற்கு ஒரு விவரிப்பாளரை நியமியுங்கள். வாலிபர் இதனை விருப்பத்தோடு செய்வர். பார்வையற்ற உறுப்பினரையே அப்பணிக்கு ஆசானாக அமர்த்துங்கள். பயன்பெறுபவராக மட்டும் அவரை வைத்திராமல், பொறுப்புடையவராக்குங்கள்.

நம் ஆசிரியர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. அடுத்த ஞாயிறு ஆராதனைக்குப் பின், நண்பரின் கல்லறைக்குத் தம்மை அழைத்துச் செல்லுமாறு கேட்டார், சென்றோம். அங்கு நின்றபோது, "இங்கே என்ன இருக்கிறது, சொல்லுங்கள் ஐயா" என்றார். ஈரமண் மேடு, வாடிய மாலைகள், பெயர் எழுதிய மரச்சிலுவை, சற்று அப்பால் ஒரு வேப்பமரம் என்று சொன்னோம். நண்பர்கள் இருவரும் சேர்ந்து பாடிய கீர்த்தனையின் தாழ்குரலை அவர் மெல்லப் பாடினார். சொல்ல வேண்டியதை அன்று நாம் சொன்னோம். ஆயினும் மூன்று நாள் தாமதமாகச் சொன்னோம்.